எலிக்குப் பயந்து ஐஸ் பெட்டிக்குள் வைத்த மெஷின்

தரமணியில் ஏழாவது மாடி ஆபீஸ் ஒன்றின் பேன்ட்ரி ஃப்ரிட்ஜில், ஃப்ரீசர் தட்டில், நீல மூடி போட்ட டிபன் டப்பா ஒன்று பத்து வருஷமாகக் குடியிருந்தது. மூடியில் ‘ஷம்ஷாத். தொடாதீர்கள்’ என்று காகிதம் ஒட்டியிருக்கும். வெள்ளிக்கிழமைதோறும் ஃப்ரிட்ஜைக் காலி செய்யும் புஷ்பம், புளித்துப்போன தயிரையும் யாரோ மறந்துவிட்டுப் போன பன்னீரையும் ஈவு இரக்கமில்லாமல் குப்பையில் கொட்டுவாள். அந்த டப்பாவை மட்டும் தொடமாட்டாள்.

“இன்னாம்மா, வருசக்கணக்கா ஒரே டப்பா கீது. உள்ள இன்னாதான் வெச்சிக்கினு கீற?”

“மீனு.”

“மீனா? நாத்தமே இல்லியே!”

“நேரம் வரும்போது நாறும் புஷ்பம். அதுவரைக்கும் பத்திரமா பாத்துக்க.”

உள்ளே இருந்தது மீனும் இல்லை, குழம்பும் இல்லை. கார்டு மெஷினுக்குள்ளிருந்து கழற்றிய, உள்ளங்கை அகலப் பச்சைப் பலகை ஒன்று. அதில் மூக்குத்தி அளவுக்கு ஒரு சிப். அந்தச் சிப்புக்கும் ஷம்ஷாத்துக்கும் இருக்கும் கணக்கு இருக்கிறதே, அது சாமானியமானதல்ல. அதைச் சொல்வதற்கு முன்னால் அவள் என்ன வேலை பார்க்கிறாள் என்று சொல்லிவிட வேண்டும். பத்து வருஷமாக அவள் கணவர் தௌஃபீக்கே அதை யாருக்கும் ஒழுங்காகச் சொன்னதில்லை. ராயப்பேட்டையில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் அந்த நல்ல மனிதர், கேட்பவர்களிடமெல்லாம், “கம்ப்யூட்டர்ல பூட்டு செய்யறாங்க” என்று சொல்லிவிடுவார்.

அதுவும் பெரிய தப்பில்லை. நாம் கடையில் கார்டைத் தேய்க்கும்போது, நம் நம்பரை யாரும் படிக்க முடியாதபடி மெஷின் பூட்டி அனுப்புகிறது. அந்தப் பூட்டுக்கான நிரல் உலகத்துக்கே பொதுவாக இலவசமாகக் கிடைக்கிறது. பல நாட்டு ஆட்கள் சேர்ந்து எழுதியது. யாரும் எடுத்துக்கொள்ளலாம், மாற்றிக்கொள்ளலாம். ஷம்ஷாத்தின் கம்பெனி அதில் ஒரு பிரதியை எடுத்து, தன் மெஷினுக்கு ஏற்றபடி மாற்றி வைத்துக்கொண்டது. இப்படித் தனியாகப் பிரித்து வைத்துக்கொள்வதற்கு ஃபோர்க் என்று பெயர். பிரித்துக்கொண்டு போனால் மட்டும் போதாது. பொதுவான பிரதியில் மாதாமாதம் புதுத் திருத்தங்கள் வரும். அவற்றை இங்கே கொண்டுவந்து, நம் மாற்றங்கள் உடையாமல் பொருத்த வேண்டும். தைத்த ஜாக்கெட்டைப் பிரித்து, உடம்பு மாற மாற மறுபடி மறுபடி தைப்பது போன்ற வேலை. இரண்டாயிரத்துப் பதினான்கிலிருந்து அந்த வேலையை ஷம்ஷாத் ஒருத்திதான் செய்தாள். கம்பெனிக்கென்று முதல் மூன்று வருஷத்துக்குள் அவள் செய்த மாற்றங்கள் நூற்று நாற்பத்து மூன்று. அதற்குப் பிறகு புதிதாக ஒன்றும் தேவைப்படவில்லை. ஒவ்வொன்றும் ஏன் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள்.

அந்த நூற்று நாற்பத்து மூன்றில் நாற்பத்தோராவதுதான் ஐஸ்கிரீம் கடை.

அடையாறு சிக்னலுக்குப் பக்கத்துச் சந்தில் ஜவஹர் என்பவர் ஐஸ்கிரீம் கடை வைத்திருக்கிறார். தூத்துக்குடிப் பக்கத்து ஆள். இரண்டாயிரத்துப் பதினைந்தில், அவர் கடை மெஷினிலிருந்து வந்த பூட்டுகளில் சில ஒன்றுபோலவே இருந்தன. ஒவ்வொரு விற்பனைக்கும் மெஷின் ஒரு புத்தம்புது எண்ணைக் குருட்டாம்போக்கில் எடுக்க வேண்டும். ஒரே எண் இரண்டு தரம் வந்தால் பூட்டை உடைத்துவிடலாம். ஆபீஸில் எத்தனை முறை சோதித்தும் கோளாறு வரவே இல்லை. ஷம்ஷாத்தின் மேலாளர் சுஹாஸ், ஏசி அறையில் உட்கார்ந்தபடி, “போய்ப் பாத்துட்டு வாங்க” என்றான். போனாள்.

முதல் நாள் பதினொரு மணிக்குப் போய், பிளாஸ்டிக் ஸ்டூலில் சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தாள். ஒன்றும் அகப்படவில்லை. இரண்டாம் நாளும் அதே கதை. மூன்றாம் நாள், கடை திறக்கும் நேரத்துக்கே போய்விட்டாள். ஷட்டரைத் தூக்கிய ஜவஹர் நேராகப் போய் குல்ஃபி வைக்கும் ஃப்ரீசர் பெட்டியைத் திறந்து, பாலிதீன் பைக்குள்ளிருந்து கார்டு மெஷினை எடுத்தார். ஷம்ஷாத்துக்குக் கண் நிலைகுத்திவிட்டது.

“அண்ணே! மெஷினை எதுக்குண்ணே இதுக்குள்ள வெச்சீங்க?”

“எலித் தொல்லைம்மா. ரெண்டு மெஷின் வயரைக் கடிச்சிப் போட்டுட்டு. பெட்டிக்குள்ள வச்சா எலி வராதுல்லா?”

அவ்வளவுதான் விஷயம். ராத்திரி பூராவும் விறைத்துக் கிடந்த மலிவுச் சிப், காலையில் முதல் ஐந்தாறு விற்பனைக்கு ஒரே எண்ணைத் திரும்பத் திரும்பக் கொடுத்தது. பதினொரு மணிக்குள் சூடேறி, நல்லபிள்ளையாகிவிடும். ஷம்ஷாத் ஒரு வரி எழுதினாள். வந்த எண்ணும் முந்தைய எண்ணும் ஒன்றானால் நிறுத்து, பொறு, மறுபடி எடு. பொதுப் பிரதியில் அந்த வரி கிடையாது. எலிக்குப் பயந்து மெஷினைக் குல்ஃபியோடு தூங்கவைப்பார்கள் என்று உலகத்தில் வேறு யாருக்குத் தோன்றும்? அன்று ஜவஹர் கொடுத்த ஃபலூடாவைச் சாப்பிட்டுவிட்டு ஆபீஸ் வந்து, சுஹாஸிடம் கதையை ஆசை ஆசையாகச் சொன்னாள். அவன் மொபைலிலிருந்து தலையைத் தூக்காமல் “குட், குட்” என்றான். அன்றுதான் அதே ரக மெஷின் ஒன்றின் பச்சைப் பலகை ஆபீஸ் ஃப்ரீசருக்குப் போனது. மாதாமாதம் புதுத் திருத்தங்களைச் சேர்த்ததும், குளிர்ந்த பலகையில் வைத்து ஒரு தரம் பார்த்துவிடுவாள்.

இரண்டு வருஷம் கழிந்தது. கம்பெனி எல்லா நிரல்களையும் புது சர்வருக்கு மாற்றியது. எந்த மாற்றத்தை யார், எந்தத் தேதியில் செய்தார்கள் என்ற வரலாறும் கூடவே போக வேண்டும். சுஹாஸ் ஒரு சனிக்கிழமை தானே உட்கார்ந்து, “சிம்பிளா முடிச்சிட்டேன்” என்றான். திங்கட்கிழமை ஷம்ஷாத் திறந்து பார்த்தாள். நூற்று நாற்பத்து மூன்று மாற்றங்களும் ஒரே மூட்டையாகக் கட்டி ஏற்றப்பட்டிருந்தன. மூட்டைமேல் ஒரே பெயர். சுஹாஸ்.

அடுத்த மாதம் தி.நகரில் ஒரு ஓட்டல் ஹாலில் விழா. சிறந்த பொறியாளர் விருது சுஹாஸுக்கு. “ஒவ்வொரு வரியும் என் குழந்தை மாதிரி” என்று மைக்கில் உருகினான், பாவி. பெறாத குழந்தைக்கு இப்படி உருகுகிறவனை ஷம்ஷாத் அன்றுதான் பார்த்தாள். கைதட்டினாள். உள்ளங்கை எரிய எரியத் தட்டினாள்.

மறுநாள் தன் கம்ப்யூட்டரில் மிச்சமிருந்த பழைய வரலாற்றை அச்செடுத்துக்கொண்டு மனிதவளத் துறைக்குப் போனாள். அங்கே இருந்தவர் புரட்டிப் பார்த்துவிட்டு, “டீம் வொர்க்தானே மேடம்? தவிர, இதுல பேரு, தேதி எல்லாம் யாரு வேணாலும் மாத்தி அச்சடிக்கலாமே” என்றார். வயிறு எரிந்தாலும் அவர் சொன்னது உண்மை என்று அவளுக்கே தெரியும். அந்தக் காகிதம் சாட்சி இல்லை. ஒவ்வொரு வரியும் ஏன் அங்கே இருக்கிறது என்று தெரிந்தவள்தான் சாட்சி. ஆனால் யாராவது ஒருத்தர் வந்து ‘ஏன்’ என்று கேட்க வேண்டுமே!

“வுட்டுத் தள்ளு ஷம்மு. அல்லா பாத்துப்பான்” என்றார் தௌஃபீக்.

“பாக்கட்டும். கூட நானும் பாத்துக்கறேன்” என்றாள் ஷம்ஷாத்.

அந்த வாரமே ஒரு காரியம் செய்தாள். நிரலோடு ஒரு சோதனைக் கோப்பும் இருக்கும். ஒவ்வொரு மாற்றமும் சரியாக வேலை செய்கிறதா என்று அது வரிசையாகச் சோதித்துச் சொல்லும். அதில், ஐஸ்கிரீம் கடை வரியை யாராவது எடுத்துவிட்டால் திரையில் சிவப்பில் வரும் வாசகத்தை மட்டும் மாற்றி வைத்தாள். ஒளிவுமறைவே இல்லை. கோப்பைத் திறந்தால் நாலாவது பக்கத்தில் பட்டவர்த்தனமாகத் தெரியும். ஆனால் படிக்கிற ஆள் யார்? எட்டு வருஷம் ஒரு பிராணி படிக்கவில்லை. ஷம்ஷாத் தினமும் ஷேர் ஆட்டோவில் திருமயிலை ஸ்டேஷனுக்குப் போய், பறக்கும் ரயிலேறி, தரமணியில் இறங்கி, சுஹாஸுக்கு குட்மார்னிங் சொன்னாள். அவன் மேலே மேலே போனான். அவள் இருந்த இடத்திலேயே இருந்தாள். மறக்கவில்லை. ஒருநாள்கூட, தொழுகையில்கூட, மறக்கவில்லை. அதற்காக அல்லாவிடம் மன்னிப்பும் கேட்டுக்கொள்வாள், மறுநாள் மறுபடி நினைத்துக்கொள்வாள்.

போன டிசம்பரில் சுஹாஸ் அவளைக் கூப்பிட்டான்.

“ஷம்ஷாத், நம்ம மெஷினுக்கு இன்டர்நேஷனல் சர்ட்டிஃபிகேட் வாங்கறோம். சர்ட்டிஃபிகேட் கொடுக்கற லேப்லேர்ந்து ஆள் வராங்க. அது முடிஞ்சதும் ஃபோர்க்கை பெங்களூர் டீம்கிட்ட கொடுத்துடலாம்னு முடிவு. உங்களுக்கு மார்ச் வரைக்கும் டைம் இருக்கு. வேற எதாவது பாத்துக்குங்க.”

பதினோரு வருஷ வேலை, மார்ச்சோடு முற்றும். அதுவும் அவன் பெயரிலேயே சான்றிதழாகிச் சுவரில் மாட்டப்பட்டால், பிறகு எந்த ஜென்மத்திலும் அவள் பெயர் வராது. ஷம்ஷாத் முகத்தில் ஒன்றும் காட்டவில்லை.

“லேப்ல என்ன சார் கேப்பாங்க?”

“யார் எழுதினாங்களோ அவங்களை நேர்ல வெச்சு, ஏன் இந்த மாற்றம், ஏன் அந்த மாற்றம்னு கேப்பாங்களாம். ஃபார்மாலிட்டி. நீங்க எனக்கு நோட்ஸ் மாதிரி எதாவது எழுதிக் கொடுங்களேன்.”

ஏன்! கடைசியில் கேட்கப்போகிறார்கள்! தப்பும் தவறுமாக நோட்ஸ் எழுதிக் கொடுத்து அவனைக் கவிழ்த்துவிடலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது. சீ, அது அவன் புத்தி. எனக்கெதற்கு?

“எந்த மாற்றம் என்ன பண்ணுதுன்னு டெஸ்ட் ஃபைல்லயே இருக்குது சார். நாப்பது பக்கம்தான். ஒருவாட்டி படிச்சிருங்க” என்றாள். மறுநாளும் ஞாபகப்படுத்தினாள். மூன்றாம் நாள் மெயிலும் அனுப்பினாள். “பாக்கறேன், பாக்கறேன்” என்றான் சுஹாஸ். படித்திருந்தால் பிழைத்திருப்பான்.

லேபிலிருந்து வந்தவர் பெயர் தாரணி. முப்பத்தைந்து வயதிருக்கும். பருத்திப் புடவை, பேச்சு குறைவு, பார்வை ஊசி. கண்ணாடி அறையில், கம்பெனி எம்.டி. ஒரு பக்கமும் தாரணி ஒரு பக்கமும் உட்கார்ந்தார்கள். சுஹாஸ் நடுநாயகமாக நின்றான். கீபோர்டு தட்ட ஓர் ஆள் வேண்டுமே, அதற்கு ஷம்ஷாத்தை மூலையில் உட்காரவைத்திருந்தான். “இவங்க ஆபரேட் பண்ணுவாங்க” என்றான். பெயர்கூடச் சொல்லவில்லை.

முதல் சில கேள்விகளைச் சுஹாஸ் வாய்ஜாலத்திலேயே ஓட்டினான். தாரணி எதையோ குறித்துக்கொண்டே வந்தார். பிறகு சுவரில் தெரிந்த திரையில் ஒரு வரியைச் சுட்டினார்.

“பொதுப் பிரதியில் இது இல்லையே. இந்த வரி எதுக்கு?”

ஷம்ஷாத்துக்குக் காது இரண்டும் சுட்டது. நாற்பத்தொன்று. குல்ஃபிப் பெட்டி.

சுஹாஸ் கொஞ்சம் யோசிப்பது போலப் பாவனை செய்தான். “ஓ, அதுவா? அப்ப ஒரு எக்ஸ்ட்ரா சேஃப்டிக்குப் போட்டேன். இப்ப அவசியமில்லை. எடுத்துட்டாலும் ஒண்ணும் ஆகாது.”

“அப்படியா? எடுத்துட்டு ஓட்டிக் காட்டுங்க.”

“தாராளமா. எடுங்க” என்றான் மூலையைப் பார்த்து.

“நிச்சயமாவா சார்?” என்றாள் ஷம்ஷாத்.

“எடுங்கம்மா.”

“நீங்க எழுதினது. அதான் ஒருவாட்டி கேட்டுக்கறேன்.”

“டைம் வேஸ்ட் பண்ணாதீங்க. எடுங்க!”

எடுத்தாள். எட்டு வருஷத்தில் எந்தப் பொத்தானும் அவள் விரலுக்கு இவ்வளவு லேசாக அழுந்தியதில்லை. சோதனை முடியப் பதினோரு நிமிஷம் ஆகும். அதுவரை சுஹாஸ் சும்மா இருந்தானா? டீ வரவழைத்து, தான் இந்த நிரலுக்காகத் தூக்கம் கெட்ட கதையை அவிழ்த்துவிட்டான். திரையில் பச்சை வரிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடின. முப்பத்தெட்டு, சரி. முப்பத்தொன்பது, சரி. நாற்பது, சரி. ஷம்ஷாத் டீயைத் தொடவே இல்லை.

நாற்பத்தொன்று சிவப்பாக வந்தது. ஆங்கில எழுத்தில் எழுதிய தமிழ், சுவர் அகலத்துக்கு நின்றது.

‘இந்த வரியை எடுக்கச் சொன்னவர் இதை எழுதியவர் இல்லை. எழுதியவரைக் கேளுங்கள். ஷம்ஷாத்.’

எம்.டி. இரண்டு தரம் படித்தார். சுஹாஸ் டீக்கோப்பையை மேஜைமேல் வைத்துவிட்டுத் திரைக்குப் பக்கத்தில் போய்ப் பார்த்தான்.

“ஷம்ஷாத் யாரு?” என்றார் தாரணி.

“நான்தான் மேடம்” என்று ஷம்ஷாத் மூலையிலிருந்து எழுந்தாள். “அஞ்சு நிமிஷம் கொடுங்க. பேன்ட்ரிக்குப் போயிட்டு வந்துடறேன்.”

நீல மூடி டப்பாவோடு அவள் கண்ணாடி அறைக்குள் போவதைப் பார்த்த புஷ்பம் வாயில் கைவைத்துக்கொண்டாள். டப்பாவைத் திறந்து, துடைத்து, குளிர்ந்த பலகையை வயரில் மாட்டினாள் ஷம்ஷாத். அந்த வரி இல்லாத நிரலை ஓட்டினாள். திரையில் ஒரே எண் ஆறு தரம் விழுந்தது. வரியைத் திரும்பச் சேர்த்தாள். சில்லென்றிருந்த இரண்டாவது பலகையையும் மாட்டினாள். ஆமாம், டிசம்பரிலேயே டப்பாவில் இன்னொன்றையும் சேர்த்து வைத்திருந்தாள். இந்த நாளுக்கு அவள் அரைகுறையாகவா தயாராவாள்? இந்த முறை ஆறும் வேறு வேறு எண்கள். பிறகு எலியைப் பற்றியும் குல்ஃபிப் பெட்டியைப் பற்றியும் சொன்னாள். அதுவரை சிரிக்காத தாரணி சிரித்துவிட்டார்.

“அடுத்தது, நாற்பத்திரண்டு?”

“ரெக்கார்டுப்படி இது சுஹாஸ் சார் எழுதினது மேடம். எதுக்கு எழுதினார்னு நான் சொல்லட்டுங்களா?”

நாற்பத்து மூன்றுக்கும் அதையே சொன்னாள். நாற்பத்து நாலுக்கும் சொன்னாள். ஒவ்வொன்றுக்கும் அதே வாசகம், அதே மரியாதை, அதே ‘சார்’. சாயங்காலம் வரை சொன்னாள். சுஹாஸ் எழுந்து போகவும் முடியாமல், உட்காரவும் முடியாமல் கழுத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தான். எண்பதைத் தாண்டியபோது எம்.டி. “அம்மா, அந்த ‘ரெக்கார்டுப்படி’ங்கற வசனத்தை விட்டுடலாமே” என்று கெஞ்சினார். “ரெக்கார்டை எப்படி சார் விடறது?” என்று கேட்டுவிட்டு ஷம்ஷாத் தொடர்ந்தாள்.

லிஃப்டுக்குப் பக்கத்தில் சுஹாஸ் அவளைப் பிடித்துக்கொண்டான். “ஷம்ஷாத், நாம பேசித் தீத்துக்கலாம். என் பேரோட உங்க பேரையும் சேத்துடறேன்.”

“சேக்கறீங்களா? எட்டு வருசம் முந்தி ஒரு சனிக்கிழமை தனியா உக்காந்து என் பேரை எடுத்தீங்களே சார், அப்ப எங்கிட்ட பேசினீங்களா?”

தாரணியின் அறிக்கை கறாராக இருந்தது. நூற்று நாற்பத்து மூன்று மாற்றங்களுக்கும் காரணம் எழுத்தில் வரவேண்டும், எழுதியதை ஷம்ஷாத் சரிபார்த்துக் கையெழுத்திட வேண்டும், அதன் பிறகுதான் சான்றிதழ். ஃபோர்க்கைப் பெங்களூருக்குக் கொடுக்கும் பேச்சு அடங்கிப்போனது. எம்.டி. ஷம்ஷாத்தைக் கூப்பிட்டு, ஃபோர்க்கின் பொறுப்பு இனி முழுக்க அவளுடையது என்றார். அந்தக் காரணங்களை எழுத எத்தனை ஆள் வேண்டும் என்றும் கேட்டார்.

“ஒரே ஆள் போதும் சார். ரெக்கார்டுல யாரு பேரு இருக்குதோ அவரே எழுதட்டும். ஒவ்வொண்ணா எழுதி முடிக்க முடிக்க, அந்த மாற்றத்துல பேரை மாத்திக்கலாம்.”

மார்ச் வந்தது, போனது. சுஹாஸின் கண்ணாடி அறை வேறொருவருக்குப் போய்விட்டது. இப்போது அவன் ஷம்ஷாத்துக்கு எதிர் மேஜையில் உட்கார்ந்து காரணம் எழுதுகிறான். எழுதி அனுப்புவான். அவள் படித்துவிட்டுத் திருப்பி அனுப்புவாள். ‘என்ன என்று எழுதியிருக்கிறீர்கள் சார். ஏன் என்று எழுதவில்லையே.’ சில மாற்றங்கள் ஏழு தரம் திரும்பின.

“போதும் ஷம்மு. பாவம், அந்தாளு” என்றார் தௌஃபீக்.

“நாப்பதுதான் முடிஞ்சிருக்குது. இன்னும் நூத்தி மூணு இருக்குதே” என்றாள் ஷம்ஷாத், அவருக்குச் சாதம் போட்டுக்கொண்டே.

நாற்பத்தொன்றாவதுக்குச் சுஹாஸ் இரண்டு பக்கம் எழுதியிருந்தான். சிப், குளிர், திரும்ப விழும் எண், எல்லாம் சரியாகவே இருந்தது. ஷம்ஷாத் நிதானமாகப் படித்தாள்.

“பெட்டிக்குள்ள எதுக்கு வெச்சாங்கன்னு எழுதலையே சார்.”

“எலின்னு அன்னிக்கு நீங்கதானே சொன்னீங்க?”

“நான் சொன்னதை எப்படி சார் எழுதறது? கடைக்காரரே சொல்லணும். அடையாறுதான். போய்க் கேட்டுட்டு வாங்க.”

போனான். மறுநாள் காலை பத்தரைக்கு ஷம்ஷாத்தின் மொபைல் அடித்தது. ஜவஹர்.

“ஏம்மா, இங்கன ஒரு சாரு வந்து நிக்காரு. டையெல்லாம் கட்டியிருக்காரு. எலியைப் பத்திக் கேக்காரு. சொல்லிரட்டா?”

எதிர் மேஜை காலியாக இருந்தது. ஷம்ஷாத் அதைப் பார்த்துக்கொண்டே நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள்.

“இன்னிக்கு வேணாம்ணே. நாளைக்கு வரச் சொல்லுங்க.”

“நாளைக்கு வந்தா?”

“அதுக்கு அடுத்த நாள் சொல்லுங்க. நான் மூணு நாள் உக்காந்தேன்ல?”

ஜவஹர் அந்தப் பக்கம் சிரித்தார். “சரிம்மா. ஒரு ஸ்டூலைப் போடட்டா?”

“வேணாம்” என்றாள் ஷம்ஷாத். “நிக்கட்டும்.”